மொட்டை மாடி வேலை: தண்ணீர் கட்டிப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

புரட்டாசி பிறந்ததும் எங்கள் தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் நோட்டீஸ் செருகிக்கொண்டு போகிறார்கள். மாடி ஒழுகுகிறதா, ஒரே நாளில் தீர்வு, பத்து வருட கேரண்டி. போன வருடம் இதே மாதம் இப்படி ஒரு நோட்டீஸை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம். வடசென்னையில் கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடி பக்கம் பழைய வீடு வாங்கிக் குடிவந்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

ராயபுரத்தில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, லோன் போட்டு, நகையையும் வைத்து, 2024 ஆவணியில் கொடுங்கையூரில் பால் காய்ச்சினோம். புது வீடு என்று சொன்னாலும் எங்களுக்குத்தான் அது புதுசு. கட்டி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். கீழே ஹாலும் சமையலறையும், மாமியாருக்கு ஒரு அறை. மாடியில் பிள்ளைகள் படிக்க ஒரு அறை, பக்கத்தில் என் தையல் மெஷின். அதற்கு மேல் 700 சதுர அடி மொட்டை மாடி. வீட்டை நாங்கள் பார்த்தது சித்திரை மாதம். அந்த வெயிலில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும், அதன் மேல் புது பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். குடிவந்த பிறகுதான் மாடியை நிதானமாகப் பார்த்தோம். பழைய தட்டோடு, இடுக்கெல்லாம் அரித்துப் போயிருந்தது. மூலைகளில் பாசி. "ஐப்பசிக்குள்ள சரி பண்ணிடு கண்ணு, அப்புறம் வேலை நடக்காது" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். சென்னைக்கு வருடத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும், அதனால் அவர் சொன்னது நியாயம்தான். எங்களைத் தப்பு செய்ய வைத்ததும் அந்த அவசரம்தான்.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். மறுநாளே ஒருவர் வந்தார். கையில் ஃபைல், செய்து முடித்த வேலைகளின் படங்கள், வாய்க்கு வாய் அக்கா. தண்ணீர் இறங்காமல் மாடி முழுவதும் பூச்சு அடிக்க சதுர அடிக்கு 45 ரூபாய், மொத்தம் 31,500. முன்பணமாக 20,000 ரூபாயை ரொக்கமாகக் கேட்டார். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா, எதுக்கு உங்களுக்கு வீண் செலவு?" என்றார். நம் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாரே என்று நினைத்துச் சரி என்றேன். இப்போது சொல்கிறேன், பில் வேண்டாம் என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக ஒரு கேரண்டி அட்டை கொடுத்தார். அதில் கம்பெனிப் பெயர் இருந்தது, போன் எண் இருந்தது, முகவரி இல்லை. அதை நான் கவனித்தது மூன்று மாதம் கழித்து.

வேலை நடந்தது செப்டம்பர் 28, புரட்டாசி சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போடுவதற்காக நான் அடுப்படியில் இருந்தேன், என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தார். மேலே ஏறிப் பார்க்க ஆள் இல்லை. இரண்டு பையன்கள் பத்து மணிக்கு வந்தார்கள், மூன்றரைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது மாடி முழுவதும் பால் போல வெள்ளை. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அன்று சாயங்காலமே மீதி 11,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பணம் போன கணக்கில் வேறொரு பெயர் வந்தது. தம்பி கணக்கு என்றார், நானும் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 15, பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் லீவு விட்ட அந்த மழை நினைவிருக்கும். அன்று ராத்திரி மாடி அறையில் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பரவியது. விடியற்காலையில் பெண் வந்து எழுப்பினாள். போய்ப் பார்த்தால் தையல் மெஷினுக்கு மேலே சொட்டிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். அளவு ஜாக்கெட்டோடு பதினான்கு பேர் கொடுத்த துணி அங்கேதான் அடுக்கியிருந்தது. ஆறு துணியில் பழுப்புக் கறை, அதில் ஒன்று பட்டு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அலைந்து அதே நிறத்தில் துணி தேடி வாங்கிக் கொடுத்தேன். பட்டுக்குப் பணமாகவே கொடுத்தேன். அந்த அக்கா வேண்டாம் என்றார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

போன் செய்தால், முதல் மழையில் கெமிக்கல் செட் ஆகும், கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்றார். நான்கு நாள் கழித்து மழை விட்ட இடைவெளியில் வந்தார். விரிசலுக்கு ஊசி மூலம் கெமிக்கல் ஏற்ற வேண்டும், அது கேரண்டியில் வராது என்று இன்னொரு 6,000 வாங்கினார். ஈரம் காயாத தரையிலேயே மறுபடியும் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள்.

தீபாவளிக்குப் பிள்ளைகளின் அறையைக் காலி செய்துவிட்டு ஐந்து பேரும் ஹாலில் படுத்தோம். சொந்த வீட்டில் முதல் தீபாவளி. அத்தைதான் வாடகை வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய அண்டாவைத் தேடி எடுத்து மாடியில் வைத்தார். "சொந்த வீட்டுக்கு வந்தும் பாத்திரம் வைக்கிற மாதிரி ஆயிடுச்சே" என்று ஒருமுறை சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மாடியில் அடித்திருந்த பூச்சு அப்பளம் போலக் கொப்புளித்துப் பல இடங்களில் உரிந்துவிட்டது. சுவரில் ஓதம் இறங்கி ஸ்விட்ச் போர்டு வரை வந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பையன் லைட் போடப் போனவன் ஷாக் அடித்துக் கையை உதறிக்கொண்டு அலறினான். ஒன்பது வயசு. கடவுள் புண்ணியத்தில் வேறொன்றும் ஆகவில்லை. மெயினை அணைத்துவிட்டு ராத்திரி முழுவதும் மெழுகுவத்தியில் உட்கார்ந்திருந்தோம். 37,500 ரூபாய் போனதைவிட அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கசிவு இருக்கும் சுவரில் உள்ள ஸ்விட்ச்சைத் தயவுசெய்து தொடாதீர்கள். வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டைத் துண்டித்துவிடும் கருவி அது. எங்கள் வீட்டில் இல்லை, அப்புறம்தான் போட்டோம்.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் கட் செய்தார். ஒரு வாரத்தில் அந்த எண்ணே ஸ்விட்ச் ஆஃப். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் பில் எங்கே, முகவரி என்ன என்று கேட்டபோது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, பிரச்சனை நடந்து இரண்டு வருடத்துக்குள் போடலாம். இவ்வளவு வசதி இருந்தும், யார் மேல் வழக்கு என்று எழுதத் தெரியாமல் நின்றேன். காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம், மனுவை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். அதோடு நிற்கிறது.

மாசி மாதம் என் வீட்டுக்காரருடைய நண்பர் மூலமாக ஒரு வயதான மேஸ்திரி வந்தார். வந்ததும் வெள்ளைப் பூச்சில் தண்ணீர் ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தார். சுண்ணாம்பு மாதிரி கையோடு வந்தது. அந்தப் பையன்கள் விட்டுப்போன வாளி ஒன்று கிடந்தது, அதைத் திருப்பிக் காட்டினார். ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி வரும் என்று வாளியிலேயே அச்சடித்திருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த ஒரு வாளி எங்கள் மாடிக்கு ஒரு கோட்டுக்கே காணாது. இரண்டு கோட் அடித்தோம் என்றார்கள். தண்ணீரை ஊற்றிக் கலக்கித்தான் அடித்திருக்க வேண்டும்.

அப்புறம் கைப்பிடிச்சுவர் தரையைத் தொடும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீளமாக விரிசல், நகம் போகும் அளவு. "நடுவுல எவ்ளோ அடிச்சாலும் மூலையிலயும் பைப் வாயிலயும் தாம்மா தண்ணி இறங்கும்" என்றார். அவர் செய்த வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் பழைய பூச்சைச் சுரண்டி, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார். ஆடிய தட்டோடுகளைப் பெயர்த்து மாற்றினார். தண்ணீர் தேங்கும் இடத்தில் வாட்டம் சரிசெய்தார். விரிசலை அப்படியே மூடாமல் உளியால் அகலப்படுத்தி அடைத்தார். மூலை முழுவதும் சிமென்ட் கலவையால் சரிவாக வளைத்துப் பூசி, அதன் மேல் வலைத்துணி ஒட்டினார். பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங். முதல் கோட் நீளவாக்கில், அது காய்ந்து மறுநாள் இரண்டாவது கோட் குறுக்குவாக்கில். ஒன்பது நாள் ஆயிற்று, பொருளும் கூலியும் சேர்த்து 62,000 ரூபாய். பில் கொடுத்தார். ஒரே நாளில் தீர்வு என்று எவராவது சொன்னால் இந்த ஒன்பது நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அவரே, "மீதியை இப்ப குடுக்காதீங்க" என்றார். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார். எங்கள் மாடிக்கு அது ஏறக்குறைய 3,300 லிட்டர். கைப்பிடிச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு இரண்டு நாள் விட்டோம். காலையும் சாயங்காலமும் நான் கீழே போய் மேற்கூரையைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்புறம்தான் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். கம்பி தெரியும் அளவுக்குக் கூரை பலவீனமாக இருக்கும் வீட்டில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முந்தாநாள் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் அதே பால் வெள்ளையைப் பார்த்தேன். படியேறிப் போய் அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். கம்பெனிப் பெயர் வேறு, போன் எண் வேறு, ஃபைலில் இருந்த படங்கள் அதேதான் போலிருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டாராம், மீதி இன்னும் கொடுக்கவில்லை. என் கேரண்டி அட்டையைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கட்டப் போகிறார்கள். களிமண் நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.