சிங்கப்பூர் ஆறும் அதன் பாலங்களும்: 24 பழைய படங்கள் அடங்கிய பெட்டி

சென்ற மாதம் சிங்கப்பூர் நகர மையத்தில், பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் மாடியில் உள்ள சிறிய கடையில், சிங்கப்பூர் ஆற்றின் பழைய புகைப்படங்கள் 24 அடங்கிய பெட்டி ஒன்றை 68 வெள்ளி கொடுத்து வாங்கினேன். மூலப் படங்கள் அல்ல, மறு அச்சுகள்தாம். ஒவ்வொன்றும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரியது. பளபளப்பில்லாத கனத்த தாளில் அச்சிட்டு, பின்புறம் இரண்டு மூன்று வரிகளில் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். படங்களைக் குறித்து மனநிறைவோடும், விளக்கங்களைக் குறித்துச் சற்றுக் கோபத்தோடும் இதை எழுதுகிறேன். கடைக்காரர் பிழைகளைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் உள்ள மூன்றாவது படத்துக்காகவே இதை வாங்கலாம். ஆற்றின் தென்கரைப் படகுத்துறையான போட் கீ வளைவில், ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், முழுக்க இறங்கிய நேரத்தில் எடுத்த படம் அது. ஆற்றின் நடுவில் மெல்லிய கோடாகத் தண்ணீர்; இரு புறமும் சேறு; அந்தச் சேற்றில் ஒன்றோடொன்று தோள் உரச அமர்ந்திருக்கும் தொங்கான்கள் என்ற சரக்குப் படகுகள். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் பதிய நேரம் பிடிக்கும் என்பதால் அசைகிற பொருள் எல்லாம் புகைபோல மங்கிவிடும். வேறு படங்களில் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் படகுகள் அப்படித்தான் கலங்கித் தெரிகின்றன. இந்தப் படத்திலோ படகுகள் தரைதட்டி நிற்பதால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படகின் முன்முனையான அணியத்தில் தீட்டிய கண், பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இணைப்பு, கரைக்கும் படகுக்கும் இடையே போட்ட ஒற்றைப் பலகை வரை துலக்கமாகத் தெரிகின்றன. அந்தப் பலகையின் மேல் ஒரு நிழல் மட்டும் கரைந்து கிடக்கிறது. மூட்டை சுமந்து போன ஆளாக இருக்க வேண்டும். அவர் நிற்கவில்லை, ஆகவே பதியவில்லை.

இந்தக் காட்சியை இன்றைக்கு அங்கே போய்ப் பார்க்க முடியாது. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு ஆற்றுக்குள் கடலோதம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. துறைமுகமாக இருந்த ஆறு இப்போது குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. பழைய படங்களில் தண்ணீர் மட்டம் படத்துக்குப் படம் மாறுவதே ஒரு செய்தி என்பதால், விளக்கத்தில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஓதத்துக்கும் பாலத்துக்கும் உள்ள உறவும் அப்படியே விடுபட்டிருக்கிறது. கேவனா பாலத்தின் படங்கள் நான்கு இருக்கின்றன. கிளாஸ்கோவில் செய்து கப்பலில் கொண்டுவந்து 1869-இல் பொருத்தி முடித்த பாலம் அது. அதற்கு முன்பு வடகரை அரசாங்க அலுவலகங்களிலிருந்து தென்கரை வணிகச் சதுக்கத்துக்குப் போக, படகேற வேண்டும் அல்லது எல்ஜின் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். கட்டியவர்கள் பாலத்தைத் தாழ்வாகக் கட்டிவிட்டதால், ஓதம் ஏறியிருக்கும்போது சரக்குப் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல் காத்துக் கிடந்தன. எட்டாவது படத்தில் பாலத்துக்கு மேற்பக்கம் நெருக்கியடித்து நிற்கும் படகுக் கூட்டத்தை 'பரபரப்பான துறை' என்று விளக்கம் வருணிக்கிறது. நீர்மட்டத்தைப் பாருங்கள், பாலத்தின் அடிப்பகுதியைத் தொட்டுவிடும்போல் இருக்கிறது. பரபரப்பு ஒன்றும் இல்லை, அவர்கள் தண்ணீர் வடியக் காத்திருக்கிறார்கள் என்பதே என் ஊகம்.

என் பெரிய குறை ஆண்டுக் கணக்கைப் பற்றியது. ஏழாவது படத்தின் பின்னால் 'ஆண்டர்சன் பாலம், 1900' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பாலம் திறக்கப்பட்டதே 1910-இல்தான். அதற்குப் பெயர் கொடுத்த ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் பதவிக்கு வந்ததே 1904-இல்தான். கேவனா பாலம் வண்டிகளின் பாரத்தைத் தாங்க முடியாமல் போனதால்தான் இதைக் கட்டினார்கள். அதன் பிறகு கேவனா நடப்பவர்களுக்கான பாலமாக மாறியது. மூன்று ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் இதில் போகக்கூடாது என்ற காவல்துறை அறிவிப்பு இன்னும் பாலத்தின் முகப்பில் இருக்கிறது. போய்ப் பார்க்காமலே விளக்கம் எழுதியிருக்கிறார்கள் போலும்.

பதினோராவது படம் இதைவிட மோசம். 'எல்ஜின் பாலம், 1905' என்கிறது விளக்கம். படத்திலோ வெள்ளைக் கான்கிரீட் வளைவுகள் கம்பீரமாக நிற்கின்றன. அந்த வளைவுப் பாலம் 1929-இல் வந்தது. 1905-இல் அதே இடத்தில் இருந்தது 1862-இல் கல்கத்தாவிலிருந்து வரவழைத்த இரும்புப் பாலம். அதற்கும் முன்னால் மரப் பாலங்கள். சிங்கப்பூர்வாசிகள் தினமும் சொல்லும் நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு என்ற பெயர்கள் இந்தக் கடவையை வைத்து ஏற்பட்டவை என்பதால், இந்த ஒரு பாலத்திலாவது கவனம் காட்டியிருக்க வேண்டாமா?

பாலத்தைத் தெரிந்தவருக்கு, தேதியில்லாத படம் என்று ஒன்று அநேகமாக இல்லை. பாலம் போதவில்லை என்றால் அக்கம்பக்கத்தைப் பார்க்கலாம். ரிக்‌ஷா தெரிந்தால் 1880-க்கு முந்திய படம் அல்ல. வடகரையில் விக்டோரியா மண்டபத்தின் மணிக்கூண்டு எழுந்திருந்தால் 1905-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. ஆற்று முகத்துவாரத்தில் தூண்களோடு ஃபுல்லர்ட்டன் கட்டடம் நின்றால் 1928-ஐத் தொட்டாகிவிட்டது. இந்த நான்கைந்து அடையாளங்களைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைப் புரட்டினேன். ஒரு மாலைப் பொழுதில் ஆறு படங்களின் தேதி பொய்த்துப்போனது. '1870-களின் காட்சி' என்று போட்ட ஒன்றில், பாலத்தின் ஓரமாக வரிசையாக ரிக்‌ஷாக்கள்!

பத்தொன்பதாவது படத்தில் தவறு வேறு வகையானது. கடலை நோக்கி நின்றால் போட் கீ கடைவீடுகள் வலப்பக்கம் இருக்க வேண்டும். இந்தப் படத்தில் அவை இடப்பக்கம் இருந்தன. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன், ஊர் சரியாகிவிட்டது.

அச்சின் தரம் சீராக இல்லை. புகைப்படத்திலிருந்து நேரடியாக எடுத்த அச்சுகள் ஆழமான கறுப்போடு அருமையாக வந்திருக்கின்றன. அஞ்சலட்டையிலிருந்து பெரிதாக்கியவற்றில் அச்சுப் புள்ளிகள் மொச்சைக் கொட்டை அளவுக்குத் தெரிகின்றன என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் கொஞ்சம்தான். அப்படி ஒன்பது அச்சுகள் இருக்கின்றன. வானம் எங்கும் வெறும் வெள்ளையாக இருப்பதை அச்சுக் குறையாக எண்ண வேண்டாம். அக்காலத் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டதால் மேகம் பதிவதில்லை.

தமிழ் வாசகர்களுக்காக ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஆற்றின் சரக்குப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய சூலியா ஸ்திரீட்டும் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டும் தென்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. பெட்டியின் விளக்கங்களில் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. பதினான்காவது படத்தில், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தலையில் முண்டாசோடு, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் கேமராவை நேருக்கு நேராகப் பார்க்கிறார். விளக்கத்தில் அவர் 'வழிப்போக்கர்'. வண்டியும் மாடும் வைத்திருப்பவர் எப்படி வழிப்போக்கர் ஆவார் என்று தெரியவில்லை. இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபு 1850-இல் வந்து போனதன் நினைவாக எழுப்பிய கூர்நுனித் தூண் இன்னொரு படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அதைச் சொல்ல விளக்கத்தில் இடமில்லையாம், ஆனால் 'காலம் உறைந்த கணம்' என்று எழுத இடம் இருந்திருக்கிறது.

1930-களோடு தொகுப்பு நின்றுவிடுவதும் எனக்கு ஏமாற்றமே. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஆற்றுத் தூய்மைப் பணியும், 1983-இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம் மாறியதும் ஒரு படத்திலும் இல்லை. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ரீட் பாலத்துக்கு ஒரே ஒரு படம். கோல்மன் பாலத்துக்கு அதுவும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து, பொய்த்த தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வயதான சீனக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். படங்களை விற்றவர் கொடுத்த விளக்கத்தை அப்படியே போட்டுவிட்டதாகச் சொன்னார். திரும்பிய படத்துக்கு மாற்று அச்சை மறுவாரமே இலவசமாகக் கொடுத்தார். பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார், நான்தான் வாங்கவில்லை. அடுத்த அச்சில் தேதிகளைத் திருத்துவதாகச் சொல்லி என் தாளைக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

திருத்திய பெட்டி வரும்வரை முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டியதில்லை. தனிப்படம் 5 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 3, 8, 14 ஆகிய எண்களைக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் தாளைச் சாய்த்துப் பார்த்து, ஓரம் சுருளாததாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ளவற்றில் இரண்டு இந்த ஊர் ஈரக் காற்றுக்கு இப்போதே வளையத் தொடங்கிவிட்டன.