காங்னுங் பனியரங்கில் இரு ஆட்டங்கள்

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் ஆடவர் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்கு நடனம்) போட்டியில், அதன் இரண்டாவது, நீண்ட பகுதியான ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் எந்த ஆட்டத்தை மீண்டும் பார்க்கலாம் என்று கேட்டால், எண்கள் நேதன் சென்னையே காட்டும். முதல் பகுதியான குறும்பிரிவில் தடுமாறிப் பதினேழாம் இடத்துக்குச் சரிந்திருந்த அந்த அமெரிக்கர், இழக்க ஏதுமற்றவராக காற்றில் நான்கு முறை சுழலும் தாவல்கள் ஆறை முயன்று 215.08 புள்ளிகள் பெற்றார். அன்றைய உச்சம் அதுவே, ஆயினும் இரு பகுதிகளின் மொத்தத்தில் ஐந்தாம் இடமே கிடைத்தது.

ஜப்பானின் யுசுரு ஹன்யு பெற்றது 206.17. முந்தைய நவம்பரில் கணுக்கால் காயமடைந்து, நீண்ட ஓய்வுக்குப் பின் நேராக ஒலிம்பிக்குக்கு வந்த அவர், பிற்பகுதியில் இரு தரையிறக்கங்களில் தடுமாறியபோதும், இசையின் ஒவ்வொரு தாளத்துக்கும் உடலை இசைத்து 317.85 என்ற மொத்தத்துடன் தங்கம் வென்றார். 1952-இல் அமெரிக்க வீரர் டிக் பட்டனுக்குப் பின் ஒலிம்பிக்கின் இப்போட்டியில் தொடர்ந்து இருமுறை வென்றவர் அவரே. சென்னின் ஆட்டத்தில் தாவல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஹன்யுவின் ஆட்டத்தில் எண்ணவே தோன்றவில்லை.