ஹேண்ட்லாக்: உயிரைச் செலவழித்து ஆடும் டெக்

ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டு 2014-இல் வெளியான காலத்திலிருந்து பல டெக்குகள் (கார்டுத் தொகுப்புகள்) ஆடியிருக்கிறேன். மனதுக்கு மிக நெருக்கமானது இன்றும் வார்லாக் என்ற ஹீரோ வகுப்பின் ஹேண்ட்லாக்தான், அதாவது கை நிறையக் கார்டு சேர்த்து ஆடும் டெக். தொடங்கும்போது இருக்கும் 30 உயிரில் எவ்வளவை, எப்போது கொடுப்பது என்பதுதான் இதில் மொத்த ஆட்டமும்.

தொடக்கம் எளிது. வார்லாக்கின் ஹீரோ திறனான லைஃப் டேப் 2 மானாவுக்கு (ஆடச் செலவாகும் சக்தி) ஒரு கார்டு தரும், 2 உயிரை எடுக்கும். நீங்கள் முதலில் ஆடுபவர் என்றால் இரண்டாம், மூன்றாம் டர்னில் டேப் மட்டும் செய்யுங்கள். நான்காம் டர்னில் கையில் 9 கார்டு இருக்கும். மவுன்டன் ஜயன்ட் என்ற கார்டின் விலை 12 மானா. கையிலுள்ள மற்ற ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று குறையும். ஆக, 4 மானாவுக்கு ஒரு 8/8 (தாக்கும் பலம் 8, உயிர் 8). அது வராவிட்டால் ட்வைலைட் டிரேக் 4/9 ஆக இறங்கும். முதல் கையில் இந்த இரண்டையும்தான் தேடுவேன். இரண்டாவதாக ஆடும்போது கை சீக்கிரம் நிரம்பிவிடும். பத்துக்கு மேல் வரும் கார்டு எரிந்துபோகும் என்பதால், மூன்றாம் டர்னுக்குள் சின்னதாக எதையாவது இறக்கி இடம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

ருசியே மோல்டன் ஜயன்டில்தான். அதன் பழைய விலை 20. நம் ஹீரோ வாங்கியிருக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று குறையும். நம் உயிரிலிருந்து பத்தைக் கழித்தால் அதுதான் விலை. 14 உயிர் என்றால் 4 மானா, 10 என்றால் இலவசம். அந்த நிலையில் இரண்டு மோல்டனை இறக்கி, நடுவில் சன்ஃப்யூரி ப்ரொடெக்டரை வைத்தால் 2 மானாவில் இரண்டு 8/8 டான்ட். எதிரி அவற்றைத் தாண்டித்தான் நம்மைத் தொட முடியும். உயிரை ஏற்றும் கார்டுகளை மோல்டன் இறங்கிய பிறகே போடுங்கள். முன்னால் போட்டால் விலையும் கூடவே ஏறும்.

விவரமான எதிரி நம்மைப் பத்துவரை இறக்கவே மாட்டார். பதினைந்து, பதினாறில் அடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே டர்னில் முடிக்கக் காத்திருப்பார். லீராய் என்ற கார்டு 4 மானாவாக இருந்த நாட்களில், ரோக் வகுப்பு அதை, இறக்கியதைக் கைக்கே திருப்பும் இரண்டு ஷேடோஸ்டெப்போடு சேர்த்துக் கையிலிருந்தே 18 அடி அடிக்கும். அதனால் ரோக் எதிரே வந்தால் 20-க்குக் கீழே டேப் பண்ணவே கை வராது. எதிரி அடிக்காமல் காத்திருந்தால் ஹெல்ஃபயர் கார்டு நமக்கு உதவும். களத்தைத் துடைக்கும், கூடவே நமக்கும் 3 அடி விழுந்து மோல்டனின் விலை இறங்கும். இந்தக் கணக்குதான் என்னை இவ்வளவு காலம் இந்த டெக்கில் பிடித்து வைத்திருக்கிறது.

2016 ஏப்ரலில் மோல்டனின் விலையை 25 ஆக்கினார்கள். இலவசமாக இறக்க 5 உயிர்வரை போக வேண்டும் என்றானபோது டெக்கின் உயிரே போய்விட்டது, ரொம்ப வருத்தமாக இருந்தது. 2018-இல் கார்டை வைல்டுக்கு (பழைய கார்டுகளையும் வைத்து ஆடும் முறை) மட்டும் என ஒதுக்கி விலையை மீண்டும் 20 ஆக்கினார்கள். உடனே வைல்டில் டெக்கைக் கட்டினேன்.

அப்புறம், பழைய லார்ட் ஜராக்ஸஸ் கார்டை வைத்து ஆடுபவர்களுக்கு ஒன்று. அவர் இறங்கியதும் நம் உயிர் 15 ஆகிவிடும், வாங்கிய அடிக்கணக்கும் அழிந்துவிடும். கையில் மோல்டன் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். ஜராக்ஸஸ் அடுத்த டர்னில் வரட்டும்.