ஆட்டோலிஸ்ப்: ஒரு சாய்கோடு படுத்தும் பாடு

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளுக்குள் நாமே புதுக் கட்டளைகள் எழுத உதவும் நிரல்மொழி ஆட்டோலிஸ்ப். அதன் வசதிகள் குறைந்த எல்டி பதிப்பிலும் 2024 முதல் இந்த மொழி ஓடுகிறதே, இனி அதைக் கற்றுக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடங்களாக அதோடு புழங்குகிறவன் என்பதால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபங்ஷனை உருவாக்கும் டெஃபன் (defun) என்ற சொல்லை எழுதி, ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் 'சி:' (c:) சேர்த்தால் போதும், அது கட்டளையாகிவிடும். ஆட்டோகேடின் சொந்தக் கட்டளைகளான லைன், ட்ரிம் மாதிரியே கட்டளை வரியில் தட்டலாம். முழுப் பதிப்பில் அக்காட்டாக்.எல்எஸ்பி (acaddoc.lsp) கோப்பில் வைத்துவிட்டால் வரைபடம் திறக்கும்போதெல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். இவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும் வசதியை வேறெந்த மென்பொருளிலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தச் சாய்கோடு. டெஃபனின் அடைப்புக்குறிக்குள் சாய்கோட்டுக்கு (/) பின்னால் குறிப்பிட்ட மாறிகள், அதாவது மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்கள், மட்டும்தான் கட்டளை முடிந்ததும் மறையும். விட்டுப்போனவை வரைபடத்தை மூடும்வரை மதிப்போடு அப்படியே கிடக்கும். ஓட்டும்போது ஒரு எச்சரிக்கையும் வராது.

போன வாரம் வேறொருவர் எழுதிய பரப்பளவுக் கட்டளையை ஓட்டினேன். தேர்ந்தெடுக்கும் அறைகளின் பரப்புகளை ஒரு பட்டியலில் கோத்து, கடைசியில் கூட்டிச் சொல்லும். முதல் தடவை சரியான விடை. இரண்டாம் தடவை முந்தைய அறைகளும் சேர்ந்துகொண்டன, ஏனென்றால் பட்டியல் மாறி சாய்கோட்டுக்குப் பின்னால் இல்லை. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று புது வரைபடம் திறந்தால் பிழையையே காணோம்! ஒவ்வொரு வரைபடத்துக்கும் மாறிகள் தனி. ஒளிந்து விளையாடும் இந்த மாதிரிப் பிழையைப் பிடிப்பதற்குள் பொறுமையே போய்விடும். பழுது எடுத்தது ஒரே ஒரு சொல் சேர்த்து.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதே சாய்கோட்டில்தான் இருக்கிறது. கட்டளை பாதியில் நின்றால் ஓடும், நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வரும் எரர் ஃபங்ஷனையும் (*error*) அங்கே குறிப்பிட்டு, கட்டளைக்குள்ளேயே எழுதிவிடலாம். பழைய அமைப்புகளை மீட்கும் வரியை அதில் வைத்துவிட்டால், பாதியில் எஸ்கேப் அழுத்தினாலும் ஓஎஸ்மோட் (புள்ளிகளில் ஒட்டிக்கொள்ளும் ஸ்னாப் வசதியின் அமைப்பு) பழைய மதிப்புக்குத் திரும்பும், ஸ்னாப் அணைந்து கிடக்காது. வேலை முடிந்ததும் வழக்கமான எரர் ஃபங்ஷன் தானே திரும்பிவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இருந்தாலும் இந்த வாரம் கேட்டால் என் பதில், வேண்டாம். மீறிக் கற்பதென்றால், அடுத்தவர் கட்டளை எதையும் திறந்து, சாய்கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் லோட் செய்யாதீர்கள்.