பத்து வாரத்தில் 14 கிலோ: மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன்

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவாகிவிடும். 2022 ஏப்ரலில் என் எடை 96 கிலோ, உயரம் 168 செ.மீ., பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 34. சுகர் 2015லிருந்து, பிரஷர் அதற்குப் பிறகு. அந்த மாதம்தான் ஒரு தனியார் எடைக் குறைப்புத் திட்டத்தில் பணம் கட்டினேன். பத்தாவது வாரம் எழுதியிருந்தால் எல்லோரையும் சேரச் சொல்லியிருப்பேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இந்த வகையில் பல இருக்கின்றன, எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் பவுடர், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். சாயங்காலம் ஒரு கிண்ணம் காய்கறி சூப். மொத்தம் 700 கலோரி. எண்ணூறும் அதற்குக் கீழும் போனால் அதை 'மிகக் குறைந்த கலோரி உணவு' என்று மருத்துவத்தில் தனியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மாதம் 9,500 ரூபாய். பாக்கெட்டில் இருந்த 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைக் காட்டி "கவர்மென்ட் அப்ரூவல் இருக்குண்ணே" என்றார் கம்பெனி எனக்குக் கொடுத்த கோச். அது உணவுப் பொருள் விற்கிற லைசென்ஸ். பிஸ்கட் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் இருக்கிறது. அந்தப் பவுடர் சுகர்காரனுக்கு ஆகும் என்று அந்த எண் எங்கேயும் சொல்லவில்லை.

முதல் வாரமே நாலு கிலோ போய்விட்டது. அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரை கரையும்போது அதோடு ஒட்டியிருக்கும் நீரும் வெளியேறிவிடும். நாலாம் நாளுக்குப் பிறகு பசி அடங்கியது நிஜம். காலை சுகர் 190லிருந்து 110க்கு வந்ததும் நிஜம். இதை மறைத்துவிட்டுக் குறை மட்டும் எழுதினால் நியாயமாகாது. கூடவே மலச்சிக்கல், வாய் நாற்றம், எழுந்து நின்றால் கண் இருட்டுவது எல்லாம் வந்தன. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி போர்வை கேட்டேன். "ஏங்க, காய்ச்சலா?" என்று என் மனைவி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோச்சிடம் சொன்னால் "நச்சு வெளியேறுதுண்ணே, நல்ல அறிகுறி" என்பார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வருகிற அம்மா ஒருநாள் பிரஷர் பார்த்தார். 100/60. "அண்ணே, உங்களுக்கு இது ரொம்பக் கம்மி, டாக்டரைப் பாருங்க" என்றார். நான் போகவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எடை மெஷின் காட்டுகிற எண்ணைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

அந்த வருடம் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12தான். குறுவை முன்கூட்டியே தொடங்கிவிட்டதால் ஜூனில் கடையில் நிற்க இடமில்லை. ஒரு மதியம், யூரியா வாங்க வந்த பெரியவர் பி.ஓ.எஸ். மிஷினில் கைரேகை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். திரையில் இருக்கிற எண்ணை என்னால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் அசைகிறது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை, ஆனால் உடம்பு சில்லென்று இருக்கிறது. விரல் நடுங்கி ஒரே பட்டனை நாலு தடவை அழுத்தினேனாம். "தம்பி, என்ன பண்ணுது?" என்று அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அவர் பையில் அப்போதுதான் வாங்கிய ரேஷன் ஜீனி இருந்தது. பொட்டலத்தைப் பல்லால் கிழித்து ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டார். கடைப்பையன் குளுக்கோமீட்டர் எடுத்து வருவதற்குள் ஜீனி கொஞ்சம் உள்ளே போயிருந்தது, அப்படியும் சுகர் 48தான் காட்டியது. அந்த நேரம் நான் வண்டியில் பாமணியாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றைக்கும் விடுவதில்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கிளிமிபிரைடு போட்டுக்கிட்டேவா இதைக் குடிச்சீங்க?" அந்த மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எடையும் உப்பும் குறையும்போது அளவைக் குறைத்தாக வேண்டும். சேரும்போது நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தேன். "அதுல நாங்க தலையிட மாட்டோம்ணே, வழக்கம்போலப் போடுங்க" என்றார் கோச். கேட்க எவ்வளவு பொறுப்பான பதிலாக இருந்தது! என்னைச் சாய்த்தது அந்த ஒரு வரிதான்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 2017இல் வெளிவந்த டைரக்ட் என்கிற பிரிட்டன் ஆய்வு எனக்குப் பெரிய திறப்பு. ஏறக்குறைய 300 சுகர் நோயாளிகள். பாதிப் பேருக்கு 825 முதல் 853 கலோரி வரையிலான பவுடர் உணவு, மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருடத்தில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் வந்திருந்தது. இரண்டாம் வருடம் அது 36 ஆனது. கிட்டத்தட்ட நான் குடித்ததைத்தான் அவர்களும் குடித்தார்கள். ஆனால் அங்கே முதல் நாளே சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். பவுடரை விட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கே பல வாரம் ஒதுக்கி, அதற்குப் பிறகும் மாதாமாதம் வரவழைத்துப் பார்த்தார்கள். இன்சுலின் போடுபவர்களையும், சுகர் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆனவர்களையும் சேர்க்கவே இல்லை. எனக்கு அப்போது ஏழு வருடம். இது ஒரு வைத்தியம். எனக்கு விற்றவர்கள் அதிலிருந்து வைத்தியரை எடுத்துவிட்டு விற்றார்கள்.

வைத்தியர் இல்லாவிட்டால் எதுவரை போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரதம் என்று ஒன்று பரவலாக விற்றது. மாட்டுத்தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த மட்டமான புரதம். அதை மட்டும் குடித்து வாழ்ந்தவர்களில் அறுபது பேர் அளவுக்கு இறந்துபோனார்கள், பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி. இன்றைய பவுடர்களில் நல்ல புரதமும் தாது உப்புகளும் இருக்கின்றன, ஒப்பிட முடியாது. இருந்தாலும் பொட்டாசியம், கிட்னி, யூரிக் அமிலம், ஈ.சி.ஜி. எதையும் பார்க்காமல் பத்து வாரம் ஓட்டியவன் நான் என்று நினைக்கும்போது நெஞ்சு படபடக்கிறது.

நிறுத்திய பிறகும் தொல்லை தீரவில்லை. ஆகஸ்டில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அது ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. 2023 பொங்கலுக்கு மறுநாள், நெய் விட்ட வெண்பொங்கல் சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலியில் தரையில் உருண்டேன். ஸ்கேனில் பித்தப்பை முழுக்கக் கல். எடை வேகமாக இறங்கும்போது பித்தநீரில் கொழுப்பு கூடிவிடும், சாப்பாட்டில் கொழுப்பு இல்லாததால் பித்தப்பை சரியாகச் சுருங்காது. தூர்வாராத கடைமடை வாய்க்காலில் தண்ணீர் நின்று சேறு கட்டுவது போலத்தான். எனக்கு அதனால்தான் வந்தது என்று அறுதியிட முடியாது, ஆனால் தெரிந்த ஆபத்துதான், தடுக்க மாத்திரையும் இருக்கிறது என்றார் தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்த டாக்டர். அந்த மாத்திரையின் பெயரை அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எடை? 82 வரை இறங்கியது, 2023 கடைசியில் 93. போகும்போது கொழுப்போடு தசையும் போயிற்று, வரும்போது கொழுப்புதான் வந்தது. தொடை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை, மூட்டை தூக்கினால் தெரிகிறது. இப்போது 86. இரண்டு வருடமாக மெதுவாக இறக்கியது. சோறு ஒரு கப், கூட்டும் பொரியலும் இரண்டு மடங்கு, தினம் முட்டையோ சுண்டலோ, காலையில் ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. மாத்திரையின் அளவு பாதியாகியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த முறையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைவிட இளையவர், சுகர் வந்து ஒன்றிரண்டு வருடம், எடை அதிகம் என்றால் டாக்டரிடம் நேராகவே கேட்கலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், இதயத் துடிப்புக் கோளாறோ கிட்னி, கல்லீரல் நோயோ உள்ளவர்கள் பக்கமே போக வேண்டாம். பணம் கட்டுமுன், என் மாத்திரையை யார் குறைப்பார், ரத்தப் பரிசோதனை எந்தெந்த வாரம், பவுடரை விட்டுச் சோற்றுக்கு எப்படித் திரும்புவது என்று கேளுங்கள். இதற்குப் பெயரும் படிப்பும் உள்ள ஒரு ஆளைக் கைகாட்ட முடியாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீடாமங்கலத்தில் இருக்கிற என் மச்சான். போன மாதம் அதே மாதிரி ஒரு திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். அவர் இரண்டு வேளை இன்சுலின் போடுபவர். நேற்றே போய்ப் பவுடரை நிறுத்தச் சொல்லி, ஒரு பாக்கெட்டையும் மாத்திரைச் சீட்டையும் வாங்கி வந்துவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு போட இரண்டு பேரும் போகிறோம்.