எதையும் கேட்காத வண்டி: ஹைப்ரிட் காருடன் சில ஆண்டுகள்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வைத்திருப்பது தெரிந்தால் போதும், எல்லோரும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பேட்டரி போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பது ஒன்று. மின்சாரக் காரே வந்துவிட்ட பிறகு இந்த இரண்டுங்கெட்டான் எதற்கு என்பது மற்றொன்று. சில ஆண்டுகள் ஓட்டியதில் முதல் கேள்விக்கு வண்டியே பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டி உரிமையாளரிடம் எதையும் கேட்பதில்லை. பிளக் மாட்டச் சொல்வதில்லை, பயணத்துக்குத் திட்டம் போடச் சொல்வதில்லை, வழியில் சார்ஜர் தேடி அலையவிடுவதில்லை. இன்று அது விற்பதற்குக் காரணம் அதுதான். நாளை விற்காமல் போனாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எந்த ஹைப்ரிட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று வகை வண்டிகளுக்கு ஒரே பெயரைச் சூட்டி ஷோரூமில் நிறுத்திவிடுகிறார்கள். 'மைல்டு ஹைப்ரிட்' என்பதில் பெரும்பாலும் 48 வோல்ட்டிலோ அதற்கும் குறைவாகவோ இயங்கும் சிறு மோட்டார் இருக்கும். அது எஞ்சினுக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கும், சிக்னலில் அணைந்த எஞ்சினை அலுங்காமல் எழுப்பும். வண்டியைத் தனியாக இழுத்துப்போகும் தெம்பு பெரும்பாலும் அதற்குக் கிடையாது. அதையும் ஹைப்ரிட் என்று எழுதி ஒட்டுவது சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு மனம் ஒப்பவில்லை. 'பிளக்-இன் ஹைப்ரிட்' பெரிய பேட்டரியோடு வரும், வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது முழு ஹைப்ரிட்: மோட்டார் தனியாகவும் வண்டியைக் கொஞ்ச தூரம் இழுக்கும், ஆனால் வெளியிலிருந்து சார்ஜ் ஏற்ற முடியாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் போட்ட பாதை அது. என்னுடையதும் அந்த வகைதான்: ஒரு பெட்ரோல் எஞ்சின், இரண்டு மோட்டார்கள், மூன்றையும் பிணைக்கும் கோள் பற்சக்கரத் தொகுதி, ஒரு சின்ன பேட்டரி.

இந்த வண்டிக்குத் தீனி பெட்ரோல் மட்டும்தான். 'தானே சார்ஜ் ஆகும் கார்' என்று விளம்பரம் செய்வார்கள். அந்த மின்சாரமும் கடைசியில் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸின் அப்படியொரு விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2020-இல் தடை போட்டது. சரியான முடிவு.

நெரிசலில் இதன் சுகமே தனி. வண்டி ஊர்ந்து நகரும் நேரத்தில் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் மோட்டார் வண்டியைக் கிளப்பும். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு எஞ்சின் விழிப்பது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வாகத் தெரியும். ரிவர்ஸ் எடுப்பது இன்னும் வேடிக்கை. என் வண்டியில் ரிவர்ஸ் கியர் என்று ஒன்று கிடையாது, மோட்டார் எதிர்ப்பக்கம் சுழல்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் காரில் பழகியவர்களின் மைலேஜ் கணக்கு இங்கே தலைகீழாகிவிடும். நகரத்துக்குள் லிட்டருக்கு 22, 23 கிலோமீட்டர் தருகிற வண்டி, நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்து ஓட்டினால் 18, 19-க்கு இறங்கிவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வருவது நகரத்தில்தான். நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலையே இல்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பாரம் முழுவதும் எஞ்சின் தலையில் விழுகிறது. அன்றாடம் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுபவர்கள் ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கலாம்.

இந்தச் சிக்கனமெல்லாம் பேட்டரியின் புண்ணியம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மறுபாதி எஞ்சினில் இருக்கிறது. அட்கின்சன் சுழற்சி என்ற முறையில் இயங்கும் இந்த எஞ்சின்களில், காற்றை உள்ளே விடும் வால்வு சற்றுத் தாமதமாகவே மூடும். அதனால் கலவை அழுத்தப்படும் அளவைவிட, எரிந்த பிறகு விரியும் அளவு அதிகம். ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கூடுதல் வேலையைக் கறந்துவிடலாம். ஆனால் குறைந்த சுழற்சியில் இழுவை போதாது. இதைச் சாதாரணக் காரில் தனியாக வைத்துக் கொடுத்தால் வாங்கியவர் திட்டித் தீர்த்துவிடுவார். அந்தப் பலவீனம் வெளியே தெரியாதபடி மோட்டார் முட்டுக்கொடுக்கிறது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை பிரியஸின் எஞ்சின் 40 விழுக்காடு வெப்பத்திறனை, அதாவது பெட்ரோலின் ஆற்றலில் 40 விழுக்காட்டை வேலையாக மாற்றும் அளவைத் தொட்டதாக டொயோட்டா அறிவித்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டணிதான்.

குறை என்றால் முதலில் சத்தம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் அலறும், வேகமோ நிதானமாக ஏறும். தேய்ந்த கிளட்ச் வழுக்குவது போன்ற உணர்வு. பழகிவிட்டது, பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நீண்ட இறக்கத்தில் வேறு கூத்து. சிறிது நேரத்திலேயே பேட்டரி அதற்கு அனுமதித்த உச்ச வரம்பைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மின்சாரத்தைப் போட்டுவைக்க இடமில்லாததால், வண்டி எஞ்சினைச் சும்மா வேகமாகச் சுழற்றி அந்த ஆற்றலைக் கரைக்கிறது. ஒரு சொட்டுப் பெட்ரோல் எரியாமலே எஞ்சின் உறுமும். முதல்முறை கேட்பவர் எதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார். இத்தகைய வண்டிகளில் பேட்டரி பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோவாட் மணி வரைதான் கொள்ளும். இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில் 50, 60 அல்லது அதற்கும் மேல். மலையிறங்கும்போது இந்த வித்தியாசம் காதில் விழுகிறது.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, மிதிக்க கிளட்ச் இல்லை. கெட்டுப்போக வாய்ப்புள்ள சாமான்களில் சில வண்டியிலேயே இல்லை. வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டார் எடுத்துக்கொள்வதால் பிரேக் பேடுகள் தேய மறுக்கின்றன. அதிகம் வேலை கொடுக்காததாலேயே டிஸ்க்குகளில் துரு பிடிக்கும், அவ்வப்போது கவனிக்க வேண்டும். எஞ்சின் ஆயில், கூலன்ட் செலவெல்லாம் வழக்கம்போல.

வண்டி ஒரே ஒரு முறை என்னை நட்டாற்றில் விட்டது. அதற்கும் மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி காரணமில்லை. நீண்ட நாள் நிறுத்திவைத்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் விளக்குகள் மங்கலாக மினுங்கி அணைந்தன. பெரிய பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் அதை வண்டியோடு இணைக்கும் ரிலேக்கள் என்ற மின்சுவிட்சுகளை மூடவும், கணினிகளை எழுப்பவும் சாதாரணமான 12 வோல்ட் பேட்டரி வேண்டும். அது இறங்கிவிட்டது. 200 வோல்ட்டைச் சுமந்துகொண்டு 12 வோல்ட்டுக்காகக் கையேந்தி நின்றது வண்டி. பக்கத்துக் காரிலிருந்து கம்பி மாட்டியதும் எழுந்துவிட்டது. ஹைப்ரிட் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இந்தக் கதைதான் அதிகம் வரும்.

பெரிய பேட்டரியைப் பொறுத்தவரை, என் கண்ணுக்குத் தெரிந்து எந்தச் சோர்வும் இல்லை. அதற்குக் காரணம் அதை நடத்தும் விதம். வண்டியின் கணினி அதை முழுதாக நிரப்புவதும் இல்லை, காலியாக்குவதும் இல்லை. ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் நடுவிலேயே வைத்திருக்கும். பல நாடுகளில் டாக்ஸிக்காரர்கள் பிரியஸை விரும்பி எடுத்ததும், ஜப்பானில் ஓடி முடித்த பழைய பிரியஸ் வண்டிகள் மங்கோலியாவின் கடுங்குளிரில் இரண்டாம் வாழ்க்கை நடத்துவதும் சும்மா இல்லை. அமெரிக்காவில் 2020 மாடல் முதல் ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வாரன்டி தருகிறது டொயோட்டா. சாகாவரம் பெற்ற பேட்டரி என்று யாரும் சொல்லவில்லை. அதன் முதல் எதிரி வெப்பம், அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இனி எதிர்காலம். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து கிடைக்கும் பிளக்-இன் ஹைப்ரிட்தான் புத்திசாலித்தனமான வழி என்று பலர் வாதாடுவார்கள். காகிதத்தில் அது உண்மை. என் உறவினர் ஒருவர் அதைத்தான் வாங்கினார். ஓராண்டு கழித்து அவர் காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சார்ஜ் கேபிள் அதன் பையிலேயே, கட்டிய நாடாகூட அவிழாமல் கிடந்தது. சார்ஜ் ஏற்றாத பிளக்-இன் ஹைப்ரிட் என்பது கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார். அவர் தனி ஆள் இல்லை என்பதற்குச் சான்று உண்டு. வண்டிகளே பதிவுசெய்த எரிபொருள் கணக்கை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், சாலையில் ஓடும் பிளக்-இன் கார்கள் ஆய்வகச் சோதனையில் காட்டியதைப் போல ஏறக்குறைய 3.5 மடங்கு கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவது தெரியவந்தது. பொறியியலில் கோளாறு இல்லை. வண்டி ஒன்றைக் கேட்கிறது, உரிமையாளர் கொடுப்பதில்லை. தினமும் இரவில் சார்ஜ் ஏற்றும் ஒழுக்கம் உள்ளவருக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் அவ்வளவு ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறவர், ஒரு படி தாண்டி முழு மின்சாரக் காரே வாங்கிவிடலாமே?

இந்தக் கேள்விக்குச் சீனாவில் ஒரு பதில் உருவாகியிருக்கிறது. லி ஆட்டோ போன்ற நிறுவனங்களின் வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான். பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டராக மட்டும் உட்கார்ந்திருக்கும். பேட்டரி பெரிது, அன்றாட ஓட்டம் மின்சாரத்திலேயே முடிந்துவிடும், தொலைதூரத்துக்கு எஞ்சின் கைகொடுக்கும். பழைய ஹைப்ரிட்டில் எஞ்சினுக்கு மோட்டார் துணை என்றால் இங்கே பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன. பெரிய குடும்ப வண்டிகளில் இந்த வகைதான் நிலைக்கும் என்று நினைக்கிறேன்.

என்னுடையதைப் போன்ற சாதாரண முழு ஹைப்ரிட்டுக்கு நடப்பது வேறு. அது தனி வகையாக இருப்பதையே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் 2025 மாடலிலிருந்து டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டாக மட்டுமே கிடைக்கிறது, வெறும் பெட்ரோல் கேம்ரி கிடையாது. காலப்போக்கில் பெட்ரோல் கார் என்றாலே இதுதான் என்றாகிவிடும், பின்பக்கத்தில் ஹைப்ரிட் என்ற எழுத்தும் தேவைப்படாது. பிரிட்டன் வெறும் பெட்ரோல், டீசல் புதுக்கார் விற்பனையை 2030-உடன் நிறுத்துகிறது, ஹைப்ரிட்டுக்கு 2035 வரை தவணை கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2035-க்குப் பிறகு புகைவிடும் புதுக்கார் கூடாது என்று 2023-இல் சட்டம் செய்தது. 2025 டிசம்பரில் அதைத் தளர்த்த ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. தவணை நீளலாம், கடன் தள்ளுபடி ஆகாது. ஹைப்ரிட் பெட்ரோலைக் குறைக்கும், ஒழிக்காது.

ஒரு மின்சாரக் காருக்கான பேட்டரிப் பொருளில் 6 பிளக்-இன் அல்லது 90 ஹைப்ரிட் கார்கள் செய்யலாம் என்பது டொயோட்டா முன்வைக்கும் கணக்கு. 90 பேர் கொஞ்சம் கொஞ்சம் மிச்சப்படுத்துவது ஒருவர் முழுதாக மிச்சப்படுத்துவதைவிட மேல் என்ற அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பேட்டரிப் பொருள் அரிதாக இருக்கும்வரை அந்தக் கணக்கு செல்லும். நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பெருகப் பெருக அதன் பிடி தளரும்.

ஆகவே என் கணிப்பு சட்டத்தையோ பேட்டரி வேதியியலையோ சார்ந்ததில்லை, வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதைச் சார்ந்தது. சொந்தக் கூரையின் கீழ் நிற்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே பிளக் உண்டு. அதன் உரிமையாளரிடம் இன்றே மின்சாரக் கார் எதையும் கேட்பதில்லை, பெட்ரோல் பங்க்குக்குப் போகும் வேலைகூட மிச்சம். தெருவோரத்திலும் அடுக்குமாடியின் பொது நிறுத்தத்திலும் விடுபவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் மின்சாரக் கார் நேரத்தைக் கேட்கிறது, அண்டைவீட்டார் சம்மதத்தைக் கேட்கிறது, சில இடங்களில் சண்டையையும் கேட்கிறது. அந்த நிலை மாறும்வரை ஹைப்ரிட் ஓடும். என் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் வந்துவிட்டால் அடுத்த வண்டி மின்சாரக் கார்தான், எனக்கு இதில் குழப்பம் இல்லை. வராவிட்டால் இன்னொரு ஹைப்ரிட்.

பிளக் கிடைத்தவர்கள் மின்சாரக் காருக்கு மாற மாற, பழைய ஹைப்ரிட்டுகள் நிறையவே சந்தைக்கு வரப்போகின்றன. வாங்க நினைப்பவர்கள் ஓடோமீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி பின்இருக்கையின் ஓரத்திலிருந்து காற்றை இழுக்கும். அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்வது சர்வீஸ் பட்டியலில் இருந்தாலும், நான் போகும் சர்வீஸ் மையத்தில் கேட்டால்தான் செய்கிறார்கள். முதல்முறை கழற்றிக் காட்டச் சொன்னபோது தூசியும் நூலிழைகளும் முடியும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. காற்று போக வழியே இல்லை. பேட்டரியை அவித்துக் கொல்ல இது போதும். பழைய வண்டி பார்க்கப் போகும்போது அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சுத்தமாக இருந்தால் பேரம் பேச ஆரம்பிக்கலாம்.