சின்னம்மாவின் கொண்டையும் டிவி மேல் மார்க்கர் கோடும்

விசா, விமானம், டாக்சி எதுவும் கேட்காதீர்கள். ரங்கூன் போனேன், வந்தேன். சொல்ல வேண்டியது அந்த டிவியைப் பற்றி.

சின்னம்மாவுக்கு மூளையில் கட்டி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். கதிர் விழும்போது தலை அசையக் கூடாது. அதற்காகப் பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அமுக்குவார்கள். ஆறியதும் இறுகிவிடும். தினமும் அந்த மாஸ்க்கை மாட்டி மேசையோடு பூட்டினாலும் உள்ளே தலை ஓரிரு மில்லிமீட்டர் நழுவத்தான் செய்யும்.

சிங்கப்பூரில் மாமாவுக்குப் பார்த்தபோது மாஸ்க்கில் முகம் திறந்தே இருந்தது. கூரைக் கேமராக்கள் முகத்தில் ஒளியைப் பாய்ச்சி, தலை மேலே போகிறதா, சாய்கிறதா, திரும்புகிறதா என்று ஓயாமல் அளந்தன. வைத்த வரம்பைத் தாண்டினால் கதிர் தானே நிற்கும்.

இங்கே ரங்கூனில், கன்ட்ரோல் ரூமில், உள்ளே படுத்திருப்பவரைக் காட்டும் ஒரு பழைய டிவி. அதன் கண்ணாடி மேல் ஒரு பர்மாப் பெண் சின்னம்மாவின் மூக்கையும் தாடையையும் சுற்றி மார்க்கரால் கோடு போட்டிருந்தாள். கதவோரம் நின்று எட்டிப் பார்த்த என்னை யாரும் விரட்டவில்லை. சிங்கப்பூரில் நடக்குமா?

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போது சின்னம்மா இருமினாள். தாடை கோட்டைத் தாண்டவில்லை, உரசியதுதான். அதற்குள் அந்தப் பெண் கதிரை நிறுத்திவிட்டாள். உள்ளே ஓடி மாஸ்க்கைக் கழற்றி, தண்ணீர் கொடுத்து, மறுபடி படம் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் மிச்சத்தைக் கொடுத்தாள். கதிர் விழுந்த நேரம் முழுக்க டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் பக்கவாட்டில் ஒரே ஒரு கேமரா. தாடை தூக்கினால் தெரியும், தலை திரும்பினால் பாதிதான் தெரியும்.

இன்னொரு நாள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வந்தாலும் மிஷின் உடனே எழுந்திருக்காதாம். விழுந்தது போக மீதியைப் பிறகு கொடுப்பார்களாம். இதை வெளியே தவித்துக்கொண்டிருந்த எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை! உள்ளே பூட்டிக் கிடப்பவள் கையில் அழுத்த ஒரு பெல் கொடுத்தால் என்ன? கேட்டேன். "கையைத் தூக்கச் சொல்லியிருக்கோம்" என்றார்கள். சரி.

அப்புறம் அந்தக் கொண்டை விவகாரம். மாஸ்க் செய்த அன்று சின்னம்மா தலையை விரித்துப் படுத்திருக்கிறாள். நான் அங்கே இருந்த வாரத்தில் ஒரு நாள் அவள் காளி கோவிலுக்குப் போய்விட்டு, கன்னத்தில் தனக்காவும் (பர்மாக்காரர்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து) பின்னால் கொண்டையுமாக நேரே வந்துவிட்டாள். கொண்டையின் உயரத்துக்குத் தலை எழும்பி நின்றது. மாஸ்க் உட்காரவே இல்லை. அந்தப் பெண் ஈரத்துணியால் தனக்காவைத் துடைத்தாள், கொண்டையையும் தானே அவிழ்த்தாள். "அன்ட்டீ, நாளைக்குக் கொண்டை வேண்டாம்."

"தலைவிரி கோலமாவா ஆஸ்பத்திரிக்கு வர்றது?" என்று சின்னம்மா என்னிடம் தமிழில் எகிறினாள். நான் மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் முதல் இரட்டைச் சடை.